'இடுப்பு வலிக்குது சார்' என்று வீரர் வந்து நின்றால்: புதிய பிசியோக்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் ஒரு வழிகாட்டி

தமிழில் 'இடுப்பு' என்ற ஒரு சொல்லுக்குள் நான்கைந்து இடங்கள் இருக்கின்றன. அரைஞாண் கட்டும் இடம் இடுப்பு. கீழ்முதுகும் இடுப்பு. குழந்தையைத் தூக்கி வைக்கும் பக்கவாட்டு எலும்பும் இடுப்பு, தொடை எலும்பு வந்து பொருந்தும் மூட்டும் இடுப்பு. இதோடு கூச்சமும் சேர்ந்துகொள்ளும். தொடை இடுக்கில், அதாவது கவட்டையில், வலிக்கிறது என்று பயிற்சியாளரிடம் சொல்ல வெட்கப்படும் பையன் 'இடுப்பு பிடிச்சிக்கிச்சு மாஸ்டர்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவான். அவர் கீழ்முதுகில் தைலம் தேய்க்கச் சொல்வார். இப்படியே இரண்டு மாதம் ஓடிவிடும்.

இது பிசியோதெரபி முடித்து முதன்முதலாக ஒரு அணியோடு வேலை செய்யப் போகிறவர்களுக்கும், பிசியோ இல்லாத பள்ளி, கிளப் அணிகளைப் பார்த்துக்கொள்ளும் பயிற்சியாளர்களுக்கும். கபடி, கால்பந்து, ஓட்டம், வேகப்பந்து வீச்சு, தடை தாண்டுதல் என எந்த ஆட்டமானாலும் வரிசை ஒன்றுதான்: முதலில் ஆபத்தானதை விலக்குங்கள், பிறகு இடத்தைக் கண்டுபிடியுங்கள், பிறகு கையால் சோதியுங்கள், பிறகு பலத்தை அளங்கள், கடைசியாகப் படம். நம் ஊரில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. முதல் நாளே எம்ஆர்ஐ எடுத்துக்கொண்டு வந்து, அந்த ரிப்போர்ட்டில் இருக்கும் சொற்களுக்குச் சிகிச்சை தேடுகிறார்கள். பயிற்சியாளர்கள் 1 முதல் 4 வரை கட்டாயம் படியுங்கள். 5 முதல் பிசியோவின் வேலை.

1. தொடுவதற்கு முன்பு கையில் இருக்க வேண்டியவை

முதல் சந்திப்புக்கு 45 நிமிடம் ஒதுக்குங்கள். அதில் பாதி கேள்விகளுக்கே போகும், போகட்டும்.

வரும்போது கொண்டுவரச் சொல்ல வேண்டியவை: பழைய எக்ஸ்ரே படம், ஸ்கேன் சிடி, மருந்துச் சீட்டு, கடைசி ஆறு வாரப் பயிற்சி விவரம். ஸ்கேன் ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, படமே வேண்டும். பயிற்சி விவரத்தில் நாள், தூரம் அல்லது நேரம், மைதானம் மண்ணா மேட்டா சிந்தெடிக்கா, புது ஷூ எப்போது மாற்றினார் என்பது வரை கேளுங்கள். ஓட்டக்காரரின் எலும்பு வலிக்குக் காரணம் பல நேரம் அந்தத் தாளிலேயே இருக்கும். வாரம் 30 கிலோமீட்டர் ஓடியவர் போட்டி நெருங்குகிறதென்று மூன்றாவது வாரத்தில் 60க்குத் தாவியிருப்பார்.

கேட்க மறக்கக் கூடாதவை நான்கு.

உண்மையான வயது. போட்டிக்காகக் கொடுத்த சான்றிதழில் ஒரு வயதும் உடம்பில் வேறு வயதும் இருக்கலாம். 'இது உங்கள் எலும்பைப் பார்ப்பதற்காக மட்டும்' என்று தனியாக அழைத்துக் கேளுங்கள். 14 வயது எலும்பில் வரும் காயமும் 18 வயது எலும்பில் வரும் காயமும் வேறு வேறு.

இன்று காலை சாப்பிட்ட மாத்திரை. வலி மாத்திரை போட்டுக்கொண்டு வந்தவரிடம் செய்யும் சோதனை உங்களை ஏமாற்றும்.

ஸ்டீராய்டு. ஊசியாகவோ, மாத்திரையாகவோ, ஜிம்மில் யாரோ கொடுத்த பொடியாகவோ எடுத்தாரா? நீண்ட நாள் மது? இரண்டுமே தொடை எலும்பின் பந்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் கெடுத்து எலும்பைச் சாகடிக்கக் கூடியவை. இந்த நோய் தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் தெரியாது, எம்ஆர்ஐயில்தான் தெரியும்.

வீராங்கனையானால் மாதவிலக்கு. மூன்று மாதமோ அதற்கு மேலோ வரவில்லை என்றால், உடம்பு செலவழிக்கும் அளவுக்குச் சாப்பாடு போகவில்லை என்று சந்தேகியுங்கள். அந்த எலும்பு எளிதில் விரிசல் விடும். இந்தக் கேள்வியை ஒரு பெண் ஊழியரோ பெண் பயிற்சியாளரோ கேட்டால் உண்மையான பதில் கிடைக்கும்.

18 வயதுக்குக் குறைந்தவரானால் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வாங்குங்கள். தொடை இடுக்கைத் தொட்டுப் பார்க்கும் சோதனை என்பதால், யாராக இருந்தாலும் எங்கே, எதற்குத் தொடப்போகிறோம் என்று முன்பே சொல்லி, இன்னொருவர் உடனிருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். அரைக்கால் சட்டையோடு வரச் சொல்லுங்கள். ஜீன்ஸ் பேன்ட்டோடு வருபவரிடம் எதையும் சரியாகப் பார்க்க முடியாது.

கருவிகள்: இஞ்ச் டேப், கோணம் அளக்கும் இலவச ஆப் உள்ள கைபேசி, கையால் அமுக்கும் பழைய வகை பிபி கஃப், ஆடாத ஒரு பெஞ்ச். பிபி கஃப் 1,000 ரூபாய் அளவில் கிடைக்கும். அது எதற்கு என்பது 6ஆம் படியில்.

2. உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டியவை

மைதானத்தில் விழுந்தவரை எழுப்பி நடக்கவைப்பதற்கு முன்பு காலைப் பாருங்கள். முழங்கால் மடங்கி, தொடை உள்பக்கம் சாய்ந்து, பாதமும் உள்நோக்கித் திரும்பியிருந்தால் இடுப்பு மூட்டு பின்பக்கமாக நழுவியிருக்கலாம். கால் குட்டையாகி, பாதம் வெளியே சாய்ந்து கிடந்தால் தொடை எலும்பின் கழுத்து முறிந்திருக்கலாம். இரண்டிலும் இழுக்காதீர்கள், நிமிர்த்தாதீர்கள். கிடந்த வாக்கிலேயே தலையணை கொடுத்து 108ஐ அழையுங்கள். நழுவிய மூட்டை 6 மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிட வேண்டும். நேரம் கூடக் கூட, எலும்பின் பந்து சாகும் வாய்ப்பும் கூடும். வண்டி வரும்வரை கால் விரல்களை அசைக்க முடிகிறதா, பாதத்தில் தொடுவது தெரிகிறதா என்று பார்த்து, நேரத்தோடு எழுதிக் கொடுங்கள். நரம்பு எப்போது பாதிக்கப்பட்டது என்பது மருத்துவருக்குத் தேவை.

அடி எதுவும் படாமலே வருபவரிடம் கவனிக்க வேண்டியவை வேறு.

- பையனுக்குத் திடீரென்று விதைப்பையிலோ தொடை இடுக்கிலோ கடும் வலி, வாந்தி: விதை முறுக்கிக்கொண்டிருக்கலாம். இதற்கும் 6 மணி நேரம்தான். பிசியோவிடம் காட்டி நேரத்தை வீணாக்க வேண்டாம், நேராக அறுவைச் சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனை.
- காய்ச்சலோடு இடுப்பு மூட்டு வலி, காலை ஊன்ற முடியவில்லை: மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம். அன்றே பார்க்க வேண்டும்.
- மாலையில் லேசான காய்ச்சல், எடை குறைவு, இரவில் வலியால் விழிப்பு, வாரக்கணக்கில் நொண்டல்: இடுப்பு மூட்டுக் காசநோயை நம் நாட்டில் மறக்கவே கூடாது.
- அடிவயிற்றின் வலப்பக்கம் தொடங்கிக் காலைத் தூக்கினால் கூடும் வலி: குடல்வாலாகவும் இருக்கலாம். பெண்ணானால் கருப்பை, சினைப்பைக் காரணங்களையும் மருத்துவர் விலக்க வேண்டும்.
- மலம், சிறுநீர் கட்டுப்பாடு போவது, உட்காரும் இடம் மரத்துப்போவது: முதுகெலும்புக்குள் நரம்பு நசுங்கியிருக்கலாம். உடனே.

இந்தப் பட்டியலில் ஒன்று பொருந்தினாலும் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

3. 'தம்பி, ஒரே ஒரு விரலால தொட்டுக் காட்டு'

இவ்வளவுதான் இந்தப் படி. ஆனால் இதைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம். 'எங்கே வலி?' என்று கேட்டால் உள்ளங்கையால் மொத்தமாகத் தடவிக் காட்டுவார்கள். ஒரு விரல் என்று வற்புறுத்துங்கள். முடியவில்லை என்றால் அதுவும் ஒரு செய்திதான்: வலி ஆழத்தில் இருக்கிறது அல்லது வேறிடத்திலிருந்து வருகிறது.

விரல் உட்தொடையின் உச்சியில், எலும்போடு ஒட்டும் தசைநாணைத் தொட்டால் அடக்டர், அதாவது கால்களைச் சேர்க்கும் தசை. நடுவில் பியூபிக் எலும்பின் (அடிவயிற்றின் கீழே, இரு பக்க எலும்பும் முன்னால் சேரும் இடம்) மேலேயே தொட்டால் அந்த எலும்புச் சந்திப்பு. அதற்குச் சற்று மேலே பக்கவாட்டில், ஹெர்னியா வரும் தடத்தில் தொட்டால் இங்குவினல் பகுதி. தொடையின் முன்பக்க மடிப்பில் என்றால் தொடையைத் தூக்கும் சோவாஸ் தசை, அல்லது மூட்டு. கட்டைவிரலை முன்னும் மற்ற விரல்களைப் பின்னும் வைத்து இடுப்பின் பக்கவாட்டைக் கவ்விப் பிடித்து 'உள்ளே எங்கோ' என்றால் மூட்டின் மேல் சந்தேகம் கூடும். பிட்டத்தின் அடியில், உட்காரும்போது பெஞ்சில் படும் எலும்பு என்றால் பின்தொடையின் ஹாம்ஸ்ட்ரிங் தசை தொடங்கும் இடம். பெல்ட்டுக்குக் கீழே முதுகின் குழிப்பக்கம் என்றால் எஸ்ஐ மூட்டு (முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேரும் மூட்டு) அல்லது கீழ்முதுகு. வேகப்பந்து வீச்சாளர் பந்து வீசும் கைக்கு எதிர்ப்பக்கக் கீழ்முதுகைக் காட்டி, பின்னால் வளைந்தால் வலிக்கிறது என்றால், முதலில் முதுகெலும்பு விரிசலைத் தேடுங்கள்.

முழங்காலைத் தொட்டுக் காட்டுபவரையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். இடுப்பு மூட்டுக்கும் முழங்காலுக்கும் போகும் நரம்புகள் பொது. முழங்காலில் ஒன்றும் தென்படாத முழங்கால் வலிக்கு இடுப்பைச் சோதிக்காமல் விடக் கூடாது.

4. வளரும் பிள்ளைகள்

பள்ளி அணியைப் பார்த்துக்கொள்பவர்கள் இந்தப் படியை இரண்டு முறை படியுங்கள்.

10 முதல் 16 வயதுக்குள் ஒரு பிள்ளை நொண்டுகிறது. தொடையிலோ முழங்காலிலோ வலி என்கிறது. அடிபட்ட ஞாபகம் இல்லை. மல்லாந்து படுக்கவைத்து, ஒரு கையால் குதிகாலையும் மறு கையால் முழங்காலையும் தாங்கி, முழங்காலை மெதுவாக மார்பு நோக்கி மடக்குங்கள். சாதாரணக் கால் நேராக, அதே பக்கத் தோளை நோக்கி வரும். தொடை எலும்பின் பந்து வளர்தட்டிலிருந்து (எலும்பு வளரும் மென்மையான அடுக்கு) நழுவிய காலில், மடங்க மடங்க முழங்கால் தானாக வெளிப்பக்கம் விலகிப் போகும், பாதம் உள்ளே வரும். நீங்கள் நேராக்க முயன்றால் தடுக்கும். இதைக் கண்டால் சோதனையை அங்கேயே நிறுத்துங்கள். பிள்ளையைத் திரும்ப நடக்கவைக்காதீர்கள். தூக்கியோ சக்கர நாற்காலியிலோ எலும்பு மருத்துவரிடம், அன்றே. உடல் பருமனான பிள்ளைகளிடம் இது அதிகம் என்றாலும் ஒல்லியானவர்களுக்கும் வரும். லேசாக நழுவியிருக்கும்போது ஒரு திருகாணியோடு முடிகிற காரியம், இன்னும் இரண்டு வாரம் ஓடவிட்டால் மூட்டையே கெடுத்துவிடும்.

எக்ஸ்ரேயில் இரு பக்க இடுப்பும் ஒரே படத்தில் வர வேண்டும், பக்கவாட்டுப் படமும் வேண்டும். நேர்ப்படத்தில் தொடை எலும்புக் கழுத்தின் மேல்விளிம்பை ஒட்டி ஒரு கோடு இழுத்தால், அது பந்தின் ஒரு சிறு பகுதியை வெட்டிக்கொண்டு போக வேண்டும். வெட்டாமல் தாண்டிப் போனால் நழுவல். நேர்ப்படம் மட்டும் எடுத்தால் தொடக்க நிலை நழுவல் தப்பிவிடும். காலை ஊன்றவே முடியாத பிள்ளையைத் தவளைபோல் கால் விரிக்கவைத்து எடுக்கக் கூடாது. அந்த அசைவிலேயே இன்னும் நழுவலாம். படுத்தபடி குறுக்காக எடுக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, எலும்பு பிய்ந்து வருவது. 13 முதல் 17 வயதில் தசைநாணைவிட அது ஒட்டியிருக்கும் வளரும் எலும்பு மென்மையானது. பெரியவருக்குத் தசை கிழியும் அதே அசைவில் பிள்ளைக்கு எலும்புத் துண்டே பிய்ந்து வரும். ஓட்டத்தின் நடுவில் 'பட்' என்ற சத்தம், உடனே விழுதல். பந்தை உதைத்தபோது இடுப்பின் முன்பக்கம் என்றால் ரெக்டஸ் ஃபெமோரிஸ் தசை இழுத்தது. ஸ்பிரிண்ட்டில் முன்பக்கக் கூரான எலும்பு என்றால் சார்டோரியஸ். தடை தாண்டும்போதோ கால்களை அகல விரித்தபோதோ உட்காரும் எலும்பு என்றால் ஹாம்ஸ்ட்ரிங். பெரும்பாலானவை ஊன்றுகோலும் ஓய்வுமாகச் சரியாகும். துண்டு சுமார் 2 சென்டிமீட்டருக்கு மேல் விலகியிருந்தால் அறுவைச் சிகிச்சை பற்றி மருத்துவர் பேசுவார்.

இங்கேதான் நம் ஊரின் பெரிய பொறி. 'நரம்பு பிசகிடுச்சு' என்று உருவி விடுபவரிடமோ, எலும்புக் கட்டுப் போடுபவரிடமோ பிள்ளையைக் கூட்டிப்போவார்கள். அவர் காலை முறுக்கி இழுப்பார். நழுவிய வளர்தட்டையும் பிய்ந்த எலும்பையும் முறுக்கினால் என்ன ஆகும் என்பதைப் பெற்றோரிடம் கோபப்படாமல் ஆனால் தெளிவாகச் சொல்லுங்கள்: படம் எடுக்கும்வரை யாரும் காலை இழுக்கக் கூடாது.

5. கைச் சோதனை

எப்போதும் வலி இல்லாத காலில் தொடங்குங்கள். அந்த வீரருக்கு எது இயல்பு என்பது அப்போதுதான் தெரியும், அவருக்கும் பயம் போகும்.

நடையைப் பாருங்கள். ஒற்றைக் காலில் 30 வினாடி நிற்கச் சொல்லுங்கள். எதிர்ப்பக்க இடுப்பு கீழே இறங்கினால் நிற்கும் காலின் பக்கவாட்டுத் தசைகள் வலுவிழந்துள்ளன. பிறகு மல்லாந்து படுக்கவைத்து முழுக் காலையும் உருளைக்கட்டைபோல் மெதுவாக உள்ளும் வெளியும் உருட்டுங்கள். இதிலேயே தொடை இடுக்கில் வலித்தால் பிரச்சினை மூட்டுக்குள்தான் என்று பெரும்பாலும் நம்பலாம்.

அடுத்து ஃபாடிர் சோதனை: இடுப்பை 90 பாகை மடக்கி, தொடையை உள்பக்கம் சாய்த்து, உள்நோக்கிச் சுழற்றுவது. புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். நல்ல மூட்டுள்ள எத்தனையோ பேருக்கும் இதில் வலிக்கும். வலிக்கவில்லை என்றால் மூட்டைச் சந்தேகத்திலிருந்து கிட்டத்தட்ட விலக்கலாம். வலித்தால் ஒன்றும் முடிவாகிவிடவில்லை. வலித்ததா என்று மட்டும் கேட்காமல், 'நீ சொன்ன அதே வலியா?' என்று கேளுங்கள்.

உள்சுழற்சியை அளந்து எழுதுங்கள். 90 பாகை மடக்கிய நிலையில், கைபேசியைக் கெண்டைக்கால் எலும்பின் மேல் வைத்து அளக்கலாம். இரு பக்கமும் 10 பாகைக்கு மேல் வித்தியாசப்பட்டால் மூட்டைத் தீவிரமாகச் சந்தேகியுங்கள். அளக்கும்போது இடுப்பெலும்பு சேர்ந்து தூக்கிக்கொண்டு வருகிறதா என்று ஒருவர் கை வைத்துப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் இல்லாத 15 பாகை கிடைத்துவிடும்.

ஃபேபர் சோதனையில், கணுக்காலை மறு முழங்கால் மேல் வைத்து '4' போல மடக்கி விடும்போது, முன்பக்கம் வலித்தால் மூட்டு, பின்பக்கம் வலித்தால் எஸ்ஐ மூட்டு. எஸ்ஐ மூட்டுக்கு எந்த ஒற்றைச் சோதனையையும் நம்பாதீர்கள். மூன்று சோதனையாவது ஒரே பதிலைச் சொல்ல வேண்டும்.

மூட்டு காரணமில்லை என்று தெரிந்துவிட்டால் மீதி தொடை இடுக்கு. இங்கே குழப்பம் நெடுங்காலமாக இருந்தது. ஒரே வலிக்கு ஒவ்வொரு மருத்துவரும் ஒவ்வொரு பெயர் வைத்தார்கள். 2014 நவம்பரில் தோஹாவில் 14 நாடுகளின் 24 வல்லுநர்கள் கூடி நான்கு வகையாகப் பிரித்தார்கள். அதைப் பின்பற்றுங்கள்.

அடக்டர் சார்ந்த வலி: அந்தத் தசையைத் தொட்டால் வலி, கால்களைச் சேர்த்து அமுக்கும்போது எதிர்த்தால் அதே இடத்தில் வலி. இரண்டும் வேண்டும். சோவாஸ் சார்ந்தது: தொட்டால் வலி, தொடையைத் தூக்கும்போது எதிர்த்தாலோ, பெஞ்ச் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு இழுத்தாலோ வலித்தால் உறுதி கூடும். இங்குவினல் சார்ந்தது: ஹெர்னியா தடத்தில் வலி, தொட்டாலும் வலி, ஆனால் ஹெர்னியா கைக்குத் தட்டுப்படாது, இருமினாலும் தும்மினாலும் படுத்தபடி எழுந்தாலும் கூடும். தடத்துக்குள் விரல் விட்டுப் பார்ப்பதை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள். பியூபிக் சார்ந்தது: அந்த எலும்புச் சந்திப்பைத் தொட்டால் வலி, இதற்கெனத் தனி எதிர்ப்புச் சோதனை கிடையாது.

ஒருவருக்கே இரண்டு வகை இருக்கலாம். நாள்பட்ட கால்பந்து வீரர்களிடம் அதுதான் வழக்கம். இரண்டையும் எழுதுங்கள், ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

6. பலத்தை அளப்பது

தசையின் பலத்தை அளக்கும் டைனமோமீட்டர் வாங்கப் பல ஆயிரம் ஆகும். பிபி கஃப் போதும். மல்லாந்து படுத்து, பாதங்கள் பெஞ்சில் பதிய, இடுப்பு சுமார் 45 பாகை மடங்கியிருக்கட்டும். கஃப்பைச் சுருட்டி முழங்கால்களுக்கு நடுவே வைத்து முள் 10 மி.மீ. (பாதரச அளவு) காட்டும்வரை காற்றடியுங்கள். 'நசுக்கு' என்றதும் 5 வினாடி முழுப் பலத்தோடு அமுக்க வேண்டும். மூன்று முறை, நடுவில் ஓய்வு, அதிகபட்சத்தை எழுதுங்கள்.

எண்ணை மட்டும் பார்க்காமல் முள்ளையும் பாருங்கள். நல்ல தசையில் முள் ஒரே சீராக ஏறி நிற்கும். வலியுள்ளவரிடம் ஏறி, ஒரு துடிப்புத் துடித்து, சடாரென்று இறங்கும். முகம் சுளிப்பதற்கு முன்பே முள் சொல்லிவிடும். மிகவும் வலுவான வீரர்கள் 300ஐத் தொட்டுவிடுவார்கள். அவர்களுக்கு இந்தக் கருவி போதாது.

இந்த எண்ணை இன்னொரு வீரரோடு ஒப்பிடாதீர்கள். சீசன் தொடங்கும் முன்பு எல்லோருக்கும் ஒருமுறை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்; 20 பேர் அணிக்கு ஒரு மாலை போதும். பிறகு அவரவர் எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

கருவியே இல்லையென்றால் கோபன்ஹேகன் ஐந்து வினாடிச் சோதனை. கால்கள் நேராக நீட்டியபடி, உங்கள் முன்கையைக் கணுக்கால்களுக்கு நடுவே வைத்து 5 வினாடி அமுக்கச் சொல்லி, வலியை 0 முதல் 10 வரை சொல்லச் சொல்லுங்கள். 2 வரை பச்சை, ஆடலாம். 3 முதல் 5 மஞ்சள், பயிற்சியைக் குறைத்துக் கவனியுங்கள். 6ம் அதற்கு மேலும் சிவப்பு, நிறுத்திச் சோதியுங்கள். வாரம் ஒருமுறை பயிற்சிக்கு முன் செய்ய ஒருவருக்கு அரை நிமிடம் ஆகும்.

டைனமோமீட்டர் இருந்தால் காலைச் சேர்க்கும் பலத்தையும் விரிக்கும் பலத்தையும் ஒப்பிடுங்கள். வட அமெரிக்கத் தொழில்முறை ஐஸ் ஹாக்கி வீரர்களிடம் செய்து 2001இல் வெளியான ஆய்வில், சேர்க்கும் பலம் விரிக்கும் பலத்தில் 80 சதவீதத்துக்குக் கீழே இருந்தவர்களுக்கு அடக்டர் காயம் வரும் வாய்ப்பு 17 மடங்கு.

7. எலும்பு விரிசல்: தனியாகச் சொல்ல வேண்டியது

நெடுந்தூர ஓட்டக்காரர், காவலர் தேர்வுக்கோ ராணுவத் தேர்வுக்கோ திடீரென்று ஓடத் தொடங்கியவர், மாதவிலக்கு நின்ற வீராங்கனை. இந்த மூவரில் யாரானாலும் தொடை இடுக்கிலோ தொடையின் முன்பக்கமோ, ஓடினால் கூடி, ஓட்டத்தை நிறுத்தினால் குறையும் வலி இருந்தால், தசை இழுப்பு என்று முடிவு கட்டும் முன்பு தொடை எலும்புக் கழுத்தின் விரிசலை நினையுங்கள். தொட்டால் எங்கும் வலிக்காது. உள்சுழற்சியின் கடைசியில் வலிக்கும். இந்தச் சந்தேகம் வந்தபின் ஒற்றைக் காலில் குதிக்கவைத்துப் பார்க்காதீர்கள். விரிசல் முறிவாகிவிடும்.

ஊன்றுகோல் கொடுத்து அனுப்புங்கள். எக்ஸ்ரே முதல் இரண்டு மூன்று வாரம் ஒன்றும் காட்டாமல் போகலாம். 'எக்ஸ்ரே நார்மல்' என்ற சீட்டை நம்பி ஓட அனுமதிப்பதுதான் இந்தக் காயத்தில் நடக்கும் மிக மோசமான தவறு. இங்கே மட்டும் செலவைப் பார்க்காமல் எம்ஆர்ஐயைச் சீக்கிரம் எடுக்கச் சொல்லுங்கள். விரிசல் கழுத்தின் மேல்பக்கம் என்றால் அன்றே அறுவை மருத்துவரிடம். கீழ்ப்பக்கம், அகலத்தில் பாதிக்கும் குறைவு என்றால் வாரக்கணக்கில் ஊன்றுகோலோடு ஆறலாம்.

8. படமும் செலவும்

எக்ஸ்ரேதான் முதல் படம். சீட்டில் 'இடுப்பு எக்ஸ்ரே' என்று மட்டும் எழுதினால் கீழ்முதுகை எடுத்து அனுப்பிவிடுவார்கள், சொல்லின் குழப்பம் அங்கேயும் உண்டு. 'பெல்விஸ் ஏபி, இரு பக்க இடுப்பு மூட்டும் சேர்த்து' என்று எழுதச் சொல்லுங்கள். கூடவே 45 பாகை டன் வியூ, அதாவது இடுப்பை 45 பாகை மடக்கி எடுக்கும் படம். பெண்களிடம் கர்ப்ப வாய்ப்பைக் கேட்டுவிட்டு எடுக்க வேண்டும். தனியாரில் ஒரு படத்துக்குச் சில நூறு ரூபாய் ஆகும்.

எம்ஆர்ஐ தனியார் மையங்களில் பல ஆயிரம் ரூபாய், மையத்துக்கு மையம் மாறும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நடத்தும் ஸ்கேன் மையங்களில் கட்டணம் கணிசமாகக் குறைவு. அங்கே மருத்துவரின் பரிந்துரைச் சீட்டு வேண்டும், காத்திருக்கவும் நேரலாம். சீட்டில் சந்தேகத்தை எழுதுவது முக்கியம். 'அடக்டர், பியூபிக் சந்திப்பு' என்று எழுதினால் அந்த இடத்தை நெருக்கமாக எடுப்பார்கள். 'இடுப்பு வலி' என்றால் எல்லாவற்றையும் மேலோட்டமாக எடுப்பார்கள், பிறகு மறுபடி பணம் கட்ட வேண்டியிருக்கும்.

ரிப்போர்ட்டில் 'லேப்ரம் கிழிசல்' (மூட்டுக் குழியின் விளிம்பைச் சுற்றியுள்ள குருத்தெலும்பு வளையத்தில் கிழிசல்) என்றதும் பதற வேண்டாம். 2012இல் வெளியான ஓர் ஆய்வில், இடுப்பு வலியே இல்லாத 45 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்தபோது 69 சதவீதம் பேரிடம் அந்தக் கிழிசல் இருந்தது. 2016இல் இங்கிலாந்தின் வார்விக்கில் வல்லுநர்கள் எடுத்த முடிவும் இதையொட்டியதே: மூட்டில் எலும்பு உரசும் நோய் என்று சொல்ல வலி, சோதனைக் குறி, படம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். படம் மட்டும் போதாது. படத்தைக் காட்டி மட்டும் அறுவைச் சிகிச்சைக்குத் தேதி குறித்தால் இன்னொரு மருத்துவரின் கருத்தையும் கேளுங்கள்.

அறுவைச் சிகிச்சை தேவைதான் என்று முடிவானால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அந்தச் சிகிச்சை அடங்குமா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் சேர்வதற்கு முன்பே கேளுங்கள். முன் அனுமதி இல்லாமல் கையிலிருந்து கட்டிவிட்டுப் பிறகு கேட்டால் கிடைக்காது.

9. ஊசி போடுவதற்கு முன்பு

மூட்டுக்குள் மரப்பு மருந்து செலுத்தி, வலி போகிறதா என்று பார்ப்பது நல்ல சோதனைதான். போனால் வலியின் மூலம் மூட்டு. ஆனால் அதோடு ஸ்டீராய்டையும் கலந்து போடுவது வழக்கம். 2022 ஜனவரி 1 முதல், எந்த இடத்தில் போட்டாலும் ஸ்டீராய்டு ஊசி போட்டிக் காலத்தில் வாடாவின் (உலக ஊக்கமருந்து தடுப்பு முகமை) தடைப் பட்டியலில் உள்ளது. மூட்டு ஊசிக்கும் போட்டிக்கும் நடுவே மருந்தைப் பொறுத்து 3 முதல் 10 நாள் இடைவெளி வேண்டும். மருந்தின் பெயர், அளவு, போட்ட இடம், தேதி, காரணம் ஆகியவற்றை மருத்துவர் கையெழுத்தோடு அன்றே வாங்கி வையுங்கள். ஊக்கமருந்துச் சோதனைக்குப் பிறகு போய்க் கேட்டால் அந்தச் சீட்டைத் தேடி எடுப்பது பெரும்பாடு.

10. எப்போது திரும்பப் பார்ப்பது

திடீர்க் காயத்தை முதல் நாள் ஒருமுறை, இரண்டாம் மூன்றாம் நாளில் ஒருமுறை பாருங்கள். முதல் நாள் எங்கே தொட்டாலும் வலிக்கும்; மூன்றாம் நாள்தான் இடம் பிடிபடும். அதுவரை சூடு, அழுத்தித் தேய்த்தல், இழுத்து நீட்டும் பயிற்சி மூன்றும் வேண்டாம். கன்றிய தசையை அழுத்தித் தேய்த்தால் அதற்குள் எலும்பு வளர்ந்துவிடுவதும் உண்டு.

சாதாரண அடக்டர் கிழிசலில் முழுப் பயிற்சிக்குத் திரும்ப மூன்று நான்கு வாரம் ஆகும், தசைநாண் முழுக்கப் பிரிந்திருந்தால் சுமார் மூன்று மாதம். 'அடுத்த ஞாயிறு மேட்ச் இருக்கு' என்று பயிற்சியாளர் கேட்டால் நாளைச் சொல்லாதீர்கள், அளவைச் சொல்லுங்கள்: தொட்டால் வலி இல்லை, அமுக்குச் சோதனை பச்சை, கஃப் எண் சீசன் தொடக்க அளவுக்கு அருகே, நேராக முழு வேகம், பிறகு வெட்டித் திரும்புதல், கபடியானால் பிடிபட்ட நிலையிலிருந்து இழுத்து வெளியேறுதல். ஒவ்வொன்றையும் முடித்த மறுநாள் காலை வலி கூடவில்லை என்றால்தான் அடுத்தது.

இரண்டு வாரம் சரியாக ஓய்வு கொடுத்தும் முள் அதே இடத்தில் துடித்து இறங்கினால், மூன்றாம் படிக்குத் திரும்பி அந்த ஒரு விரலை மறுபடி கேளுங்கள். அது முதல் முறை காட்டிய இடத்திலேயே வந்து நிற்கிறதா என்று பாருங்கள்.